மெயினை இறக்கிய கை

இருபத்தாறு வருஷம் நான் ஃபிட்டராக இருந்த கம்பெனியை மூடினார்கள். மெஷின்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். தகரக் கூரையும் கிரேன் பாதையும் அப்படியே நிற்க, உள்ளே ராத்திரியில் ஆடுகிற டெக்னோ கிளப் வந்துவிட்டது. எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து சலித்தபின், அங்கேயே எலக்ட்ரிக் வேலைக்குச் சேர்ந்தேன். விம்கோ நகரில் இருக்கிற என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். முட்டி போனவனை வேறு எவன் கூப்பிடுவான்?

எங்கள் ஷாப்பில் ஒரு பேச்சு உண்டு: "சத்தம் மாறிச்சா, கை முதல்ல, வாய் அப்புறம்." பிசிறு கேட்டால் யாரையும் கேட்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும். ஒருமுறை நான் அணைக்காமல் ஃபோர்மேனைத் தேடி ஓடினேன். அதற்குள் பக்கத்து மெஷின்காரருக்கு ரெண்டு விரல் போயிற்று. பாவம், அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், பாட்டு போடுகிற பெண் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். டும் டும் என்று ஒரே அடி. பழைய பிரஸ் மெஷின் ஓடுகிற மாதிரிதான், பழகிவிட்டது. திடீரென்று அடிக்கு நடுவில் 'கிர்ர்' என்று ஓர் அரைப்பு. பேரிங் போகிறது! என் கை மெயின் சுவிட்சை இறக்கிவிட்டது. அப்புறம்தான், இங்கே மெஷினே இல்லையே என்று உறைத்தது.

"எவன்யா அது?" இருட்டில் மேனேஜர் கத்தினார்.

"பேரிங் சத்தம் கேட்டுச்சு சார்."

"அது பாட்டுய்யா! இன்னொரு வாட்டி சுவிட்சைத் தொட்டே, அப்படியே வூட்டுக்குப் போயிடு."

மெயினை ஏற்றினேன். கூட்டிப் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து சிரித்தார்.

"இன்னா நைனா, பாட்டு புடிக்கலன்னா காதை மூடிக்க வேண்டியதுதானே, ஊரையே இருட்டாக்குவியா?" பிறகு குரலை இறக்கி, "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆவணும். போ, அந்தாண்ட குந்து" என்றார்.

சுவிட்ச் போர்டுக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் 'கிர்ர்'. வலது கை தானாக எழுந்தது. பிடித்துத் தொடைக்கு அடியில் திணித்து, மேலே உட்கார்ந்துகொண்டேன்.

பெருக்கிக்கொண்டே திரும்பி வந்த அம்மா நின்று பார்த்தார்.

"இன்னா, கைமேலயே குந்திகினு கீற?"

"வேலை வோணுமேம்மா."

எட்டு 'டும்' கழித்து அந்த அரைப்பு மறுபடி வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.