பிரான்சியின் இடது கை

தையல் மெஷினின் ஊசி இடது ஆள்காட்டி விரலில் இறங்கியது பிரான்சிக்குத் தெரியவில்லை. பச்சைப் பட்டு ரவிக்கையில் ஏதோ ஈரம் பரவுகிறதே என்று குனிந்து பார்த்தபோதுதான் ரத்தம் என்று புரிந்தது. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் அந்தக் கடையை நடத்தும் கமர் ஜஹான் ஓடிவந்து விரலில் துணியைச் சுற்றினார்.

"வலிக்கலையா உனக்கு?"

"இல்லக்கா. இந்தக் கை கொஞ்ச நாளாவே மரத்துப் போகுது."

"யா அல்லா, இதை ஏன் சொல்லலை? நாளைக்கே புத்தூருக்குப் போய் டாக்டரைப் பாரு. ரவிக்கையை நான் பார்த்துக்கறேன்."

புத்தூர் டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, நரம்பு எங்கோ நசுங்குகிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வா என்றார்.

பிரான்சி இலங்கையில் மன்னாரில் பிறந்தவள். போர் முடிந்த மறு வருஷம் திருச்சிக்கு வந்து, அன்றிலிருந்து கொட்டப்பட்டு அகதிகள் முகாமில் இருக்கிறாள். கடையில் "வாங்க, சொல்லுங்க" என்று எல்லோரையும் போலப் பேசுவாள். முகாமுக்குள் கால் வைத்ததும் பேச்சு தானாக ஊர்ப் பேச்சாகிவிடும். கணவன் பெயிண்ட் வேலைக்குக் கோயம்புத்தூர் போயிருந்ததால், ஸ்கேனுக்கு அண்ணன் பெனடிக்ட் துணைக்கு வந்தான். சனிக்கிழமை என்பதால் மகள் அறிவுமதியும் கிளம்பிவிட்டாள். ஏழாம் வகுப்பு படிக்கிறவள், இங்கேயே பிறந்தவள்.

ஸ்கேன் அறை வாசலில் தேவதர்ஷினி என்ற பெண் நின்று விசாரித்தாள். "கம்மல், செயின் எல்லாம் கழட்டிட்டீங்களா? உடம்புக்குள்ள பிளேட், ஸ்க்ரூ, இரும்பு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க" என்று பெனடிக்ட் முந்திக்கொண்டான்.

"இருக்கு" என்றாள் பிரான்சி. "கழுத்துல. எத்தனைன்னு தெரியாது. செல் வெடிச்சது."

"செல்லா? செல்போன் வெடிச்சிடுச்சா?"

"இல்லைங்க. குண்டு. சண்டையில."

தேவதர்ஷினி கையிலிருந்த படிவத்தில் எதையோ அடித்து எழுதினாள். பிறகு தாழ்ந்த குரலில், "நல்லவேளை சொன்னீங்கக்கா. இந்த மெஷின் பெரிய காந்தம். உள்ள இருக்கற இரும்பு நகர்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும்" என்று சொல்லி எக்ஸ்ரேவுக்கு அனுப்பினாள்.

படத்தில் கழுத்தெலும்பை ஒட்டி அரிசி இறைத்த மாதிரி வெள்ளைத் துணுக்குகள் தெரிந்தன. ஒன்று மட்டும் புளியங்கொட்டை அளவுக்கு இருந்தது. அறிவுமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் வந்து உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"நீங்க வீட்ல இருந்தப்ப குண்டு விழுந்துச்சாம்மா?"

"வீட்டுல இல்ல. அப்ப நான் இயக்கத்துல இருந்தேன்."

"நீயா போய்ச் சேர்ந்தியா?"

"பிடிச்சுட்டுப் போனாங்க. வீட்டுக்கு ஒரு பிள்ளை குடுத்தாகணும்."

பெனடிக்ட் டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான்.

பிரான்சி சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. ஊரை விட்டுக் கிளம்பி, இடம் மாறி மாறி, விசுவமடுவில் கூடாரம் போட்டிருந்தார்கள். கொண்டு போன அன்றைக்கே தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஓடினாலும் யாரென்று தெரிந்துவிடுமே. ஓடவும் குப்புறப் படுக்கவும் கொஞ்ச நாள் பழக்கி, கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காயம்பட்டவர்களைத் தூக்கும் வேலைக்கு விட்டார்கள். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் சுடர்விழி என்ற பெண், பின்பக்கம் பிரான்சி. ஒரு மத்தியானம் செல் விழுந்தது. எழுந்து பார்த்தபோது கழுத்து தீயாக எரிந்தது. முன்பக்கத்தில் யாருமில்லை. சுடர்விழி என்பது இயக்கம் வைத்த பெயர். அந்தப் பிள்ளையின் சொந்தப் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"நீ சுட்டியாம்மா?"

"சுட்டேன்."

"யாரையாச்சும்…"

"தெரியலை. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் சுடச் சொன்னாங்க. அந்தப் பக்கம் யார் இருந்தாங்கன்னு பார்க்கலை."

பிறகு எல்லாம் உடைந்து சனம் ஓடியபோது துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவளும் ஓடியதையும், கூட்டத்தில் எப்படியோ அவளைக் கண்டுபிடித்த அம்மா தலையில் துவாயைச் சுற்றி, இடுப்பளவு தண்ணீரில் ஆமியின் பக்கம் கூட்டிப் போனதையும் சொன்னாள். கடைக்கு என்னென்ன துணி வந்தது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அம்மா அழுவாள் என்று அறிவுமதி காத்திருந்தது தெரிந்தது. பிரான்சியும் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. எதிரே ஒருவர் வாழைப்பழம் உரித்துக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணுக்குகளை எடுத்தால் கை முழுதாகவே போய்விடலாம் என்றார் டாக்டர். மாத்திரையும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார். கமர் ஜஹான் அவளை மெஷினை விட்டு எழுப்பி அளவெடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

மறு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பெனடிக்ட் வழக்கம் போல மீனோடு வந்தான். அவளால் இறுக்கிப் பிடிக்க முடியாதென்று தானே அரிவாள்மணை முன் உட்கார்ந்தான். அறிவுமதி எதிரில் வந்து குந்தினாள்.

"அம்மாவைப் பிடிச்சுட்டுப் போனப்ப நீங்க எங்க மாமா இருந்தீங்க?"

பெனடிக்டின் கை நின்றது. பிரான்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"குழிக்குள்ள" என்றான். "கூடாரத்துக்குள்ள அப்பா வெட்டின குழி. மேல பலகை, மண், பாய். இயக்கக்காரர் என்னைத்தான் தேடி வந்தவை. 'அண்ணன் எங்க?' எண்டு உங்கட அம்மாட்டத்தான் கேட்டவை. அவள் எனக்கு மேல, அந்தப் பாயிலதான் நிண்டவள். 'ஓடிட்டார், தெரியாது' எண்டு சொன்னவள். அப்ப நீ வா எண்டு கொண்டு போயிட்டினம்." அவன் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தான். "எல்லாம் எனக்குக் கேட்டது. நான் வெளியில வரேல்லை."

மீன் செதில் ஒட்டிய கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான்.

இத்தனை வருஷத்தில் இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. பிரான்சி தனக்குள் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பாவம் என்றும் தோன்றவில்லை.

"அழாதீங்கோ அண்ணா" என்றாள். அழுகிறவர்களிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று தெரியும்.

"நீ ஏம்மா சொல்லலை, மாமா கீழதான் இருக்காருன்னு?"

பிரான்சி யோசித்தாள். பாயில் நின்ற அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். பாய்தான் நினைவுக்கு வந்தது.

"ஞாபகமில்லை" என்றாள். அது உண்மைதான். "மீன் கழுவத் தண்ணி பத்தாது. குழாய் நிண்டுடும், போய் ரெண்டு குடம் பிடிச்சுக்கொண்டு வா."

அறிவுமதி எழுந்தாள். பிறகு ஒரு குடத்தை எடுத்தாள். பெனடிக்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மற்றக் குடத்தோடு அவள் பின்னால் போனான்.