சைக்கிளை விட்டு இறங்கியவர்

எங்கள் ஊரில் நைனாவை மலேயாக்காரர் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட கர்வம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவருக்கு அங்கேதான் பிழைப்பு. நடுவில் ஒருமுறை வந்தபோது நான் கைக்குழந்தையாம். எனக்கு விவரம் தெரிந்து அவர் வந்தது அந்த வருஷம்தான். என்ன வேலை என்று கேட்டவர்களிடம், ரப்பர் தோட்டத்தில் துரைக்குக் கீழே வேலை என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். துரையோடு ஒரே மேஜையில் சாப்பிடுவார், இங்கிலீஷில்தான் பேசுவார் என்பதெல்லாம் ஊர் தானாகச் சேர்த்துக்கொண்டது. என் பங்குக்கு நானும் பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு பங்களா கட்டிக் கொடுத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஏரி மதகின் பலகை உளுத்துப்போய், தண்ணீர் ராப்பகலாக வீணே ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. நெற்பயிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் கடைமடையில் இருந்த எங்கள் நிலத்தோடு பாதி ஊர்ப் பயிர் கருகிவிடும். ஏரிகளைப் பார்வையிடும் ஆபீசர் உத்திரமேரூர் பங்களாவில் வந்து தங்கியிருக்கிறார், அடுத்த ஊருக்கு நம் கரைமேல்தான் போகப்போகிறார் என்று சேதி வந்ததும், மணியக்காரர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வெள்ளைக்காரங்கிட்டயே பேசினவன் நீ. ஜீப்ப நிறுத்தி ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல சொல்லிடுப்பா. நாங்க சொன்னா அவுரு காதுலயே வாங்கமாட்டாரு."

நைனா தயங்கினார். நமக்கெதற்கு அதெல்லாம் என்று முனகினார். அம்மாதான் குறுக்கே புகுந்து, அவர் வருவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். இத்தனை வருஷம் ஆண்துணை இல்லாத வீடு என்று ஊர் பேசியதற்கெல்லாம் அவளுக்கு அது ஒரு பதில்.

மறுநாள் காலை ஊரே மதகருகில் திரண்டு நின்றது. நைனா சலவைச் சட்டையும் தோளில் துண்டுமாக, வாடகை சைக்கிளில் ஏறி, ஜீப்பை எதிர்கொள்ளக் கரைமேல் முன்னால் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சற்று நேரத்தில் ஜீப் வளைவில் தெரிந்தது. முன்சீட்டில் காக்கி உடை, தலையில் துரைமார் வைப்பதுபோன்ற தொப்பி.

நைனா சட்டென்று சைக்கிளை விட்டு இறங்கினார். பேசத்தான் இறங்குகிறார் என்று நினைத்தோம். அவரோ சைக்கிளைச் சரிவில் தள்ளிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, தலையைக் குனிந்து ஓரமாக நின்றுவிட்டார். ஜீப் அவரைத் தாண்டியது. வாயைப் பிளந்துகொண்டு நின்ற எங்களையும் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டது. அது மறைந்த பிறகும் நைனா நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. யாரும் சிரிக்கவில்லை. மணியக்காரர் மட்டும், கேலியே இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"மெய்யாலுமே அங்க இன்னா வேலதாம்பா பண்ணிக்கினு கீற?"

நைனா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்கு மானம் போயிற்று. நான் கட்டிய பங்களா என் தலைமேலேயே இடிந்து விழுந்தது. வீட்டுக்கு ஓடிவந்து குதிருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இந்த மனிதர் ஏன் வந்தார், அடுத்த கப்பலுக்கே போய்விட்டால் என்ன என்றுகூட இருந்தது. அம்மா அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சாயந்தரம் அவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு சுற்று போய் வரலாம் என்றார். வேறு நாளாக இருந்தால் குதித்து ஏறியிருப்பேன். அன்றைக்கு யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு முன்கம்பியில் உட்கார்ந்தேன். சைக்கிள் ஏரிக்கரைமேல் ஏறியது. கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆபீசர் பங்களாவுக்குத் திரும்புகிற நேரம் அது என்பது எனக்குத் தெரியாது.

ஜீப் எதிரே வந்தது. நைனா கரையின் நடுவிலேயே மிதித்தார். ஹாரன் அலறியது. சைக்கிள் இப்படியும் அப்படியும் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஜீப் நின்றிருந்தது. நைனா ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, சீட்டை விட்டு இறங்காமலே பேசினார். இங்கிலீஷ் இல்லை. தமிழ்தான், அதுவும் திக்கித் திக்கி.

"சார், எங்க மதகுப் பலக உளுத்துப் பூட்ச்சி. தண்ணியெல்லாம் வீணாப் போவுது. நீங்க எறங்கி வந்து பாக்கணும்."

ஆபீசர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். தொப்பி இல்லாமல் பார்த்தால் எங்கள் வாத்தியாரைப் போலத்தான் இருந்தார். இறங்கி வந்து பார்த்தார்.

சில நாளில் மதகுக்குப் புதுப் பலகை வந்தது. மணியக்காரர் சொல்லித்தான் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டது. நைனா மறுக்கவில்லை. ஆபீசரை வழிமறித்தது தெரிந்தால் அது வேறு தலைகுனிவு என்று நானும் மூச்சு விடவில்லை. பிழைத்த பயிரின் அறுப்பைக்கூடப் பார்க்காமல் அவர் கப்பலேறிவிட்டார்.

தோட்டத்தில் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்கவேண்டும், இறங்காதவனுக்கு மறுநாள் வேலை இருக்காது என்று, பல வருஷம் கழித்து அங்கேயிருந்து திரும்பிய சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்படியென்றால் நைனா திரும்பிப் போய், மறுபடியும் இறங்கத்தான் இறங்கியிருப்பார். எங்களுக்காகத்தான். அதை நினைத்தால் இப்போது எனக்கு வேறு விதமாகக் கூசுகிறது.

அன்று சாயந்தரம் ஆபீசரின் ஜீப் போன பிறகும் நாங்கள் இருவரும் சைக்கிளில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். என் முதுகு அவர் மார்பில் சாய்ந்திருந்தது. உள்ளே அது திடுதிடுவென்று அடித்துக்கொண்டது என் முதுகுக்குத் தெரிந்தது. என்னையும் வைத்துக்கொண்டு மேட்டில் மிதித்ததால்தான் அப்படி இரைக்கிறது, நான் கனக்கிறேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"நான் எறங்கி நடந்து வரட்டுமா நைனா?" என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா," என்றார். "நீ எறங்காத."