ஆறு நாள் உபதேசியார்

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித்தருவதால்தான் அவருக்கு உபதேசியார் என்று பெயர். மற்ற நாள்களில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடை. கண்ணாடியில் ஒரு நூல் பிசகினாலும் பொறுக்கமாட்டார், வேதத்திலும் அப்படித்தான். உலகம் ஆறு நாளில் உண்டானது, அவ்வளவுதான். டைனோசர் எந்த நாளில் என்று யாராவது கேட்டால், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி அவருடைய மகளேதான். இப்போது அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில், பாறைகளையும் அவற்றில் புதைந்த எலும்புகளையும் பற்றிப் படிக்க இடம் கிடைத்துவிட்டது.

"கோடி வருஷத்து எலும்பாம்! என் சோத்தைத் தின்னுட்டு என் வேதத்துக்கே குழி தோண்டுவியா?"

"குழி தோண்டுறதுதாம்ப்பா படிப்பே."

மனைவி குறுக்கே வந்தாள். "சும்மா கத்தாதீங்க. பங்குச் சாமியாரைக் கேளுங்க."

"கேக்குறேன். சாமி சரின்னு சொல்லட்டும், நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிடுறேன்."

திருச்சபையே தன் பக்கம் இருக்கும்போது வாக்குக் கொடுக்க என்ன தயக்கம்?

அன்று மாலையே மகளை இழுத்துக்கொண்டு போனார். சாமியார் வராந்தாவில் பழைய மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மகளின் குற்றங்களை எல்லாம் உபதேசியார் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"நல்ல படிப்பாச்சே!" என்றார் சாமியார்.

"சாமி, ஆறு நாள்..."

"யார் படைச்சார், ஏன் படைச்சார்னுதான் வேதம் சொல்லுது. எப்படி, எவ்வளவு காலத்துலன்னு பாறைகிட்ட கேக்கலாம். பாறையும் அவர் படைச்சதுதானே, பொய்யா சொல்லப் போகுது? அதுவுமில்லாம, படைப்பு என்னைக்கோ முடிஞ்சுபோன வேலை இல்ல. இந்த நிமிஷமும் எல்லாத்தையும் அவர்தான் தாங்கிட்டிருக்கார். பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே வந்திருக்குன்னு கணக்குப் போட்டுச் சொன்னவங்கள்ல ஒருத்தர் குருவானவர் தெரியுமா?"

"எந்தச் சபை?" வேறு சபைக்காரராக இருக்கலாம் என்று உபதேசியாருக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை.

"நம்ம சபைதான்."

"இதெல்லாம் எப்போலருந்து, சாமி?"

"அந்த ஆறு நாளை நம்ம நாள் மாதிரி எடுத்துக்க வேண்டியதில்லன்னு புனித அகுஸ்தினாரே எழுதியிருக்கார். நீங்க பொறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், ஒரு ஆயிரத்து அறுநூறு வருஷம்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

சாமியார் திருப்புளியைக் கீழே வைத்தார். "பிள்ளைங்க கேள்வி கேட்டா அடுத்த வாரம்னு தட்டிக்கழிக்கிறீங்களாமே? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. விசுவாசம் அப்படி ஒண்ணும் நோஞ்சான் இல்ல."

வழி நெடுக உபதேசியார் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தார். சாமியார் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் வீட்டோடு இருந்துவிடுவாள். ஆனால் சாமியாரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லித்தந்ததும் அவர்தானே!

மனைவி வாசலிலேயே நின்றாள். "சாமி கண்டிச்சாரா?"

"நல்லாக் கண்டிச்சார்."

"ஐயோ, சின்னப் பிள்ளையைப் போய்..."

"பிள்ளையை யாருடி கண்டிச்சா?" என்று எரிந்து விழுந்தார். "வழியை விடு. பரண்ல இருக்கிற பெட்டியை இறக்கணும்."