ஒன்றாம் எண்ணுக்கு நேரே

எங்கள் மாலை நேர நாடக வகுப்புக்கு இனி நிதி கிடையாது என்று கலை பண்பாட்டுத் துறையிலிருந்து கடிதம் வந்த அன்று நான் மனமுடைந்து போனேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது. ஒரு போராட்டத்துக்குத் தலைமை தாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கரிக்கலாம்பாக்கம் சமுதாயக் கூடத்தில் இருபது பிள்ளைகள் என்னிடம் நடிப்புக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் ஊரே கையெழுத்துப் போட்ட மனு போனால் மறுபடி யோசிப்போம் என்றார் அதிகாரி. மக்களைத் திரட்டும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

முதல் கூட்டம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில். மூன்று பக்க உரை தயார் செய்திருந்தேன். நல்ல கூட்டம், எல்லாம் என் பேச்சின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். “கலையை இழந்த ஊர்” என்று குரலை உயர்த்தவும் கடலூர் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மகிமை மொத்தமும் பஸ்ஸில் ஏறிப் போனது. வில்லியனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் மட்டும் மிச்சம். மீதி இரண்டு பக்கத்தையும் அவருக்கே படித்தேன். பாவம், அவர் எங்கே போவார்?

அதன்பிறகு உரையை மடித்து வைத்துவிட்டு வீடு வீடாகப் போனேன். பேச்சுக்கு மயங்காதவர்கள் பிள்ளைகளுக்காக உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் இரண்டாம் எண்ணிலிருந்துதான் போட்டார்கள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே காலி. ஊர் மனு என்றால் முதல் கையெழுத்து நாட்டாண்மையுடையது. அவர் போடாதது ஊர் மனுவே ஆகாது. இது தெரியாமல் நான்கு வருடம் அந்த ஊரில் குடியிருந்திருக்கிறேன்.

சரி, அவரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பியவன் என் வீட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டேன். திரௌபதி அம்மன் திருவிழாவில் கூத்து வைப்பவர் அவர்தான். போன வருடம் அந்தக் கூத்தின் ஒலிபெருக்கியால் தூக்கம் கெடுகிறது என்று, வயலைப் பிளாட் போட்டு எழும்பிய எங்கள் நகரிலிருந்து போலீசுக்கு ஒரு புகார் போனது. எழுதியவன் நான். என் தமிழைப் பார்த்து அசந்துபோன நகர்வாசிகள் என்னையே முதலில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெருமையாகப் போட்டேன். போலீஸ் வந்து ஒலிபெருக்கியைக் கழற்ற வைத்தது. கலைஞர்கள் மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்தி ஆடினார்களாம். நான் நன்றாகத் தூங்கினேன்.

மூன்று நாள் அவர் தெருப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வீடு திரும்பினேன். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் துணிச்சல் வந்தது. அவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மனுவை வரி விடாமல் படித்தார். ‘மக்கள் கலைக்குத் துணை நிற்பது நம் ஒவ்வொருவரின் கடமை’ என்ற இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்த வரியை அடித்துவிட்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது.

“அன்னிக்கு எழுதினதும் நீங்கதானே சார்? ஸ்டேஷன்ல படிச்சிக் காட்டுனாங்க. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சி.”

மன்னிப்புக் கேட்டேன். வாய் ஓயாதவன் என்று பெயர் எடுத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் பேனாவை வாங்கி, காகிதத்தை முழங்காலில் வைத்து, ஒன்றாம் எண்ணுக்கு நேரே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

“சத்தம் ஜாஸ்திதான் சார், நான் இல்லன்னு சொல்லல. உங்க நகருக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல ஒரு ரோடுதான். இப்ப வந்தீங்களே, இதே மாதிரி அன்னிக்கு வந்து சொல்லியிருந்தா நானே கொறைக்கச் சொல்லியிருப்பேன்.”

மனுவை வாங்கி மடித்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

வகுப்புக்கு இன்னும் ஒரு வருடம் கிடைத்தது. எல்லாம் என் முயற்சி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நானும் இதுவரை மறுக்கவில்லை. நாட்டாண்மை எதிரே வந்தால் மட்டும் சட்டென்று செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். அவரோ ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்தி, நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிள்ளைகள் நன்றாக நடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.