குனிகிற வண்டியும் ஆன்டி-டைவும்

என் மோட்டார் சைக்கிள் மரியாதை தெரிந்தது. பிரேக்கைத் தொட்டால் போதும், முன்பக்கம் பொசுக்கென்று இறங்கி, எதிரே யாரென்று பார்க்காமல் கும்பிடு போடும். எருமைக்கும் போடும், போக்குவரத்துக் காவலருக்கும் போடும். எண்பதுகளில் யாரோ வளைகுடாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த ஜப்பான் வண்டி அது. பல கை மாறி, கடைசியில் சரியான ஏமாளியைக் கண்டுபிடித்து ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்து சேர்ந்தது. நான் அதை விண்டேஜ் என்பேன். என் மனைவி சனியன் என்பாள்.

இந்தக் கும்பிடைத் தடுக்கத்தான் அந்தக் காலத்து ஜப்பான்காரர்கள் ஆன்டி-டைவ் என்று ஒன்றை வைத்தார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஃபோர்க் கால்களின் அடியிலும் டப்பா மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்கும். பிரேக் பிடித்தால் அது உள்ளே ஓடும் எண்ணெயின் வழியை அடைத்துவிடும். எண்ணெய் போக வழியில்லாததால் ஃபோர்க் அமுங்காது, வண்டியும் குனியாது. எவ்வளவு அடைக்கலாம் என்பதற்கு ஒன்று முதல் நான்கு வரை எண் போட்ட ஒரு திருகும் உண்டு. என் வண்டியில் அந்தத் திருகை எந்த எண்ணில் வைத்தாலும் கும்பிடு ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் செகந்திராபாத்துக்குத் தமிழ் ஆராதனைக்குப் போவோம். பட்டுச்சேலையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, வேதாகமப் பையை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் முன்னால் போன ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. நான் பிரேக் பிடித்தேன். வண்டி குனிந்தது. அவள் சீட்டில் சறுக்கிக்கொண்டு வந்து என் முதுகில் மோதினாள். இரண்டு ஹெல்மெட்டும் கோயில் மணிபோல் ஒலித்தன. இறங்கி, வளைந்துபோன மூக்குக் கண்ணாடியை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்:

“இனிமே இந்த வண்டில நா ஏறமாட்டேன். நக்கோ.”

எங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ்தான். ஆனால் மேல்முறையீடு இல்லாத தீர்ப்புகளுக்கு மட்டும், வேண்டவே வேண்டாம் என்கிற இந்த ஹைதராபாத் சொல்லை அவள் எடுப்பாள். அடுத்த வாரம் ஆட்டோவில் போனாள். நான் பின்னாலேயே தனியாக வண்டியில் போனேன். பாடகர் குழுவில் யார் சுருதி தப்பினார், போதகர் ஏன் அந்தக் கதையை மறுபடியும் சொன்னார் என்று வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நடக்கும் விமர்சனம் இல்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. நிஜமாகவே வருத்தமாக இருந்தது. எப்படியாவது அவளைத் திரும்பப் பின்சீட்டில் உட்காரவைப்பது என்று முடிவு செய்தேன். என்னைப் போன்ற ஒரு பொறியாளனுக்கு அதன் பொருள், ஃபோர்க்கைக் கழற்றுவது.

இணையத்திலிருந்து கையேட்டை இறக்கினேன். கல்லூரித் தேர்வுக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பழைய போர்வையை விரித்து, வால்வு டப்பாவின் போல்ட்டுகளைக் கழற்றினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. எண்ணெய் என்ற பெயரில் கறுப்பாகக் கஷாயம் ஒன்று வழிந்து, பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு அடியில் போய்த் தங்கியது. புது எண்ணெயை இருமல் மருந்தின் மூடியால் அளந்து ஊற்றினேன். ரப்பர் வளையங்களை மாற்றினேன். உள்ளே சிக்கியிருந்த காற்றுக்குமிழை மட்டும் எவ்வளவு கெஞ்சியும் வெளியே எடுக்க முடியவில்லை. ஒழுகிய இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். பொறியாளன் என்பவன் வேறென்ன செய்வான்? இப்படியே சில மாதங்கள் ஓடின. வண்டி முன்னைவிடப் பணிவாகக் குனிந்தது.

கடைசியில் மானத்தை விட்டு மல்லாபூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பழக்கமானவர்தான், என் வயதுக்காரர். பக்கத்துக் கடையில் லேத் அலறிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்தவன் மாதிரிப் பேச வேண்டும் என்பதற்காக நான் ஃபோர்க் என்ற சாதாரணச் சொல்லையே எடுக்கவில்லை. தொழில்நுட்பச் சொல்லாகவே பேசினேன். ஆன்டி-டைவ் பிரச்சினை, பிரேக் அடித்தால் ஒரே டைவ் என்று என் இந்தியில் கத்தி, உள்ளங்கையை நீட்டி முன்னால் பாய்கிற மாதிரியும் காட்டினேன். அவர் முகம் மாறியது. இந்த மனிதருக்கு என் வண்டிமேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். லேத் சத்தத்தில் “லகா க்யா?” என்று அவர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. பொருத்தியிருக்கிறதா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“ஹவ், தோனோ தரஃப் லகா” என்றேன். ஆமாம், இரண்டு பக்கமும்தான்.

அவர் நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டு, விட்டுட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வண்டியை எடுக்கப் போனபோது “ஆன்டி செட், சாப்” என்று சாவியைக் கொடுத்தார். பின்சீட்டுக்குச் சொரசொரப்பான புது ரெக்ஸின் போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு பட்டையும் தைத்திருந்தார்கள். பழைய வாடிக்கையாளன் என்று இலவசமாகச் செய்திருக்கிறார் போலும் என மகிழ்ந்துபோனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியைக் கெஞ்சி ஏற்றினேன். சூடு கண்ட பூனைபோல் ஏறினாள். வழியில் ஹப்சிகுடாவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். என் முதுகில் யாரும் மோதவில்லை. ஹெல்மெட் ஒலிக்கவில்லை. வண்டி துளிகூடக் குனியவில்லை என்று என் ஆன்மாவே சாட்சி சொன்னது. ஆராதனை முடிந்ததும், சென்னையிலிருந்து வந்து இங்கே ஐடியில் வேலை பார்க்கும் பையன்கள் இரண்டு பேர் வெளியே வண்டியைச் சுற்றி நின்றார்கள். அன்று போதகர் சொன்னதைவிட நீளமான பிரசங்கம் ஒன்றை அவர்களுக்குச் செய்தேன். எண்ணெயின் வழி, வால்வின் தத்துவம், மூன்றாம் எண்ணின் மகிமை எல்லாம் சொன்னேன். அவள் தேநீர்க் கோப்பையோடு சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பையன் குனிந்து பார்த்துவிட்டு, அங்கிள், வால்வுமேல் டேப் ஒட்டியிருக்கிறதே என்றான். நானும் குனிந்தேன். நான் சுற்றிய அதே சிவப்பு டேப். அதன்மேல் மாதக்கணக்கில் படிந்த புழுதி, ஒரு விரல்கூடப் படாமல் அப்படியே இருந்தது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை அமுக்கிப் பார்த்தேன். வண்டி பழைய விசுவாசத்தோடு கும்பிட்டது.

பையன்களுக்கு ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். ஃபோர்க்கை ஏன் தொடவில்லை என்று கேட்டேன். எந்த ஃபோர்க் என்று அவர் திருப்பிக் கேட்டார். பிரேக் அடித்தால் ஆன்டி டைவ் அடிக்கிறார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், லகா க்யா, அடிபட்டதா என்று கேட்டதற்கு இரண்டு பக்கமும் பட்டது என்றீர்களே, பாவம், அதனால்தான் சீட்டின் சரிவை எடுத்து, ஸ்பாஞ்ச் வைத்து உயர்த்தி, சேலை வழுக்காத ரெக்ஸின் போட்டேன் என்றார். காலனியில் சின்னப் பிள்ளை முதல் காய்கறிக்காரர் வரை என் மனைவியை ஆன்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அது எனக்கு அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. ஆன்டி இப்போது நலமா என்றும் கேட்டார். நலம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பினால் அவள் நிற்கிறாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். காலையில் ஏறி உட்கார்ந்தபோதே தெரியும் என்றாள். அப்படியானால் நான் அவ்வளவு நேரம் பிரசங்கம் செய்தபோது ஏன் சொல்லவில்லை? நீங்க சந்தோஷமா இருந்திய, கெடுப்பானேன்னு விட்டுட்டேன் என்றாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

“இத்தன மாசமா வண்டிக்கு முன்னாடிதான் உக்காந்திருந்திய. விழுந்தது நா. எனக்கு எங்க வழுக்குதுன்னு ஒருநாளாவது கேட்டியளா?”

கையேட்டில் பின்சீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த அபூர்வமான புத்திசாலித்தனங்களில் ஒன்றாக, அந்த வாயை மூடிக்கொண்டேன். வண்டியைக் கிளப்பினேன். அவள் ஏறி உட்கார்ந்ததும், தலையைத் திருப்பி, எங்கே வழுக்கியது என்று கேட்டேன்.

வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.