ஸ்டெல்லாவின் ஃப்ளூட்டை வாங்க வந்தவர்கள்

பழைய ஃப்ளூட் வாங்க வருகிறவர், விலையைக் கேட்பதற்கு முன்னால் ‘இதை யாரு ஊதினது?’ என்று கேட்பார்.

மூங்கில் குழலைச் சொல்லவில்லை. சர்ச்சுப் பாட்டுக்குழுவில் வாசிக்கிறார்களே, உடம்பெல்லாம் மூடியும் கம்பியுமாக வெள்ளி நிறத்தில், அதைச் சொல்கிறேன். புதுச்சேரியில் தமிழும் பிரெஞ்சுமாகப் படித்து, பிரான்சில் ஒரு பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் இவற்றைப் பழுதுபார்த்துவிட்டு, 2004இல் மரக்காணம் திரும்பி வீட்டு முன்னறையிலேயே கடை போட்டேன். பிரான்சில் வாங்க வருகிறவர்கள் மூடிக்கு அடியில் இருக்கும் பேடு காற்றுக் கசியாமல் உட்காருகிறதா, ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கே எச்சில் பார்க்கிறார்கள். பழைய சாமான் விற்றுப் பிழைக்கிற சக பாவிகளே, நீங்கள் சைக்கிள் விற்கிறீர்கள், பீரோ விற்கிறீர்கள். உதட்டில் வைக்கிற பொருளை ஒருதரம் விற்றுப் பாருங்கள், அப்போது தெரியும்.

மஞ்சள் தண்ணீர்

கடை போட்ட புதிது. திண்டிவனத்திலிருந்து ஒருவர் தன் மகளுக்காக ஒரு ஃப்ளூட் வாங்கிப் போனார். நல்ல ஜப்பான் தயாரிப்பு. பேடு எல்லாம் நானே புதிதாகப் போட்டது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். ஒரு மூடிகூடச் சரியாக மூடவில்லை. உள்ளே பேடு ஒவ்வொன்றும் பூரி மாதிரி உப்பியிருந்தது. என்ன செய்தீர்கள் என்றேன். தீட்டுப் போக ராத்திரி முழுக்க மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டாராம்.

பேடு தோலும் கம்பளியும் சேர்ந்தது, தண்ணீர் ஆகாது என்று விளக்கினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன சார் நீங்க, கழுவக்கூட முடியாத சாமானை வாயில வைக்கக் குடுக்கிறீங்க?”

சூசை வைத்த நிபந்தனை

சுனாமிக்குப் பிறகு சில மாதங்கள் என்னிடம் வந்ததெல்லாம் கடல் தண்ணீர் குடித்த வாத்தியங்கள். ஸ்ப்ரிங் துருப்பிடித்து, மூடிகள் இறுகி, திறந்தால் உள்ளே மணல். அவற்றுக்கு நடுவில் ஒரு துளி உப்புக்கூடப் படாத ஒரு ஃப்ளூட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சூசை வந்தார். உப்பளத்தில் வேலை செய்கிறவர். அது அவர் மகள் ஸ்டெல்லா சர்ச்சில் வாசித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் ஊருக்குப் போகும்போது அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கிறிஸ்துமஸ் பூசையில் வாசித்துவிட்டு, அதைச் சர்ச்சு அலமாரியில் வைத்திருக்கிறாள். மறுநாள் காலையில் கடற்கரைக் குப்பத்தில் சிநேகிதி வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போனவள் திரும்பவில்லை.

கையில் வாங்கியதுமே தெரிந்தது, நான் இந்த ஊரில் தொட்டதிலேயே நல்ல ஃப்ளூட் அதுதான். உதடு வைக்கிற தகட்டில் மட்டும் கொஞ்சம் பளபளப்புப் போயிருந்தது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றேன். சூசை வேண்டாமென்று தலையாட்டினார். “எம் பொண்டாட்டிக்கு இது எங்க இருக்குதுன்னே தெரியாது சார். தெரிஞ்சா மடியில வச்சிக்கினு அப்படியே உக்காந்துடுவா. யாராவது ஊதணும். ஆனா இந்தப் பக்கத்துலயே இருக்கணும், நான் போய்க் கேக்கிற மாதிரி.”

ஒரு துவா

கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வந்தவர், பையனுக்காகப் பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது. வழக்கமான கேள்வி வந்தது. கேட்கிறவர்களிடம் மறைப்பதில்லை என்று சூசையிடம் சொல்லியிருந்தேன், அதனால் சொன்னேன். அவர் ஃப்ளூட்டை இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அந்தப் புள்ளைக்காக துவா செய்யறேன் சார். இது என் வீட்டுக்கு வேணாம்.”

குயிலாப்பாளையத்து விருந்தாளி

குயிலாப்பாளையத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரப் பெண் வந்தாள். அவளுக்கு வாயைப் பற்றிய கவலையே இல்லை. மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு பேடுக்கடியிலும் கொடுத்து இழுத்துப் பார்த்தாள். எனக்குப் பிரான்ஸ் ஞாபகம் வந்து, இரண்டு பேரும் பிரெஞ்சில் வாயாடிக்கொண்டிருந்தோம். பிறகு வாசித்தாள். அந்த ஃப்ளூட்டுக்குள் அவ்வளவு இருந்தது எனக்கே தெரியாது.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் சூசை. உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தார்; முழங்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் பிடித்தபடியே நின்றார். “இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுங்க சார்” என்றார். வாசித்தாள். மூன்றாவது தடவையும் கேட்டார். அவர் போனபிறகு யார் என்று விசாரித்தாள், சொன்னேன். ஃப்ளூட்டை மூன்றாகக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்து என் பக்கம் தள்ளினாள். அவள் பிரெஞ்சில் சொன்னது தமிழில் இதுதான்: “நான் இதை என் ஊருக்குக் கொண்டுபோய்விட்டால், அவர் எங்கே வந்து கேட்பார்?”

பாட்டுக்குழு

கடைசியில் எனக்கு ஒரு யோசனை. ஸ்டெல்லா வாசித்த அதே சர்ச்சில் வேறொரு பெண் வாசித்தால் சூசை ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கலாமே. பாட்டுக்குழுவை நடத்தும் டேவிட்டைக் கூப்பிட்டுச் சொன்னேன். சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துப் பெட்டியோடு திரும்பி வந்தார். நாலு பெண்கள் இருக்கிறார்கள், நாலு பேருக்கும் ஆசைதான். நாலு அம்மாக்களும் விடவில்லை. ஒருத்தி எச்சில் என்றாளாம். இன்னொருத்தி, கடல் கொண்டுபோன பிள்ளையோடதை எம்பொண்ணு வாயில வைக்கிறதா என்று சண்டைக்கே வந்துவிட்டாளாம்.

“பூசையில ஒரே கிண்ணத்துல குடிக்கச் சொன்னா குடிப்பாங்களான்னு கேட்டுட்டேன் சார்,” என்றார் டேவிட். “அது வேற எச்சில்னுட்டாங்க.”

பிலோமினா

நாலு அம்மாக்கள் பேசினால் ஊருக்கே கேட்கும். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் ஓர் அம்மா வந்தார். தலைக்குச் சும்மாடு கட்டிய துணி அப்படியே தோளில் கிடந்தது. “நான் ஸ்டெல்லாவோட அம்மா. பிலோமினா,” என்றார். கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாமல் ஆறு மாசமாக அவர் மகளுடைய பொருளை ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. “பாக்கலாமா சார்?” என்றார், கடைக்கு வருகிற யாரையும் போல.

பெட்டியைத் திறந்தேன். வாங்க வந்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் கண் முன்னாலேயே உதட்டுத் தகட்டைத் துடைத்துக் கொடுப்பது என் பழக்கம். கை தானாகப் பஞ்சை எடுத்தது, ஸ்பிரிட்டில் தோய்த்தது, துடைத்தது. இரண்டு தரம். அந்த அம்மா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தபோது தகடு புதுசு போல மின்னிக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. இதற்கு முன்னால் பலமுறை துடைத்தாயிற்று, அதில் அவர் மகளுடையது எதுவும் இப்போது மிச்சமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறுதல் என்று நினைத்து அதைச் சொல்லிவிடாமல் இருந்த ஒரே புத்திசாலித்தனம் எனக்கு அன்று இருந்தது.

அவர் ஃப்ளூட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊதிப் பார்க்கவில்லை. தகட்டின்மேல் விரலை வைத்து, முகர்ந்து பார்த்தார்.

“ஏன் சார் தொடச்சீங்க?” என்றார். “அவ தட்டுல மீந்த சோத்தத்தான சார் தினம் நான் சாப்பிட்டேன்.”

இன்றும் பழைய ஃப்ளூட் விற்கிறேன், யார் ஊதியது என்று கேட்டால் சொல்கிறேன். இத்தனை வருஷத் தொழிலில், பஞ்சை எடுக்கும் முன் வந்திருப்பவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும் கற்றிருக்கிறேன்.