தலகாணி டிரைவர்

வேன் கதவைத் திறந்ததும் அவ கை முதல்ல போறது சாவிக்கு இல்ல, தலகாணிக்கு. சீட்டுல போட்டு ரெண்டு தட்டு, பூப்போட்ட பக்கம் மேல வர்ற மாதிரி ஒரு திருப்பு. அப்புறம்தான் ஏறி உக்காருவா. தலகாணி இல்லாட்டி ரோட்டுல போறவங்களுக்குக் கொண்டை மட்டும்தான் தெரியும். வண்டி தானா போகுதுன்னு நினைச்சு யாராவது கும்பிட்டுட்டா?

பேக்கரி ரொட்டியைக் கடை கடையா இறக்குற வேன் அது. ஓட்டிட்டிருந்தது புருஷன். மனுஷன் பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டு நாற்காலியே கதின்னு ஆயிட்டார். "கொஞ்ச நாள் பாக்கறேன், அப்புறம் வேற வண்டிதான்"னுட்டார் பேக்கரிக்காரர். வீட்டுக்கு வர்ற ஒரே வருமானம் அதுதான். புருஷனோட அண்ணன், லாரி ஓட்டியே தலை நரைச்சவர், டீயை உறிஞ்சிக்கிட்டே தீர்ப்பு சொன்னார்: "வண்டிய வித்துத் தொலைங்க."

"நான் ஓட்டறேன் மாமா."

அவருக்குப் புரையேறிடுச்சு. "நீயா? பிரேக்குக்குக் கால் எட்டுமாம்மா?"

"கால் எட்டும். கண்ணுதான் எட்டல. அதுக்குத் தலகாணி இருக்கு."

அன்னிக்கு அவர் வெச்ச பேரு தலகாணி டிரைவர். சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா பரவிடுச்சு.

முன்னாடி ஓட்டறது சட்டுனு வந்துடுச்சு. ரிவர்ஸ்தான் உயிரை எடுத்துச்சு. லைசன்ஸ் டெஸ்டுல ரிவர்ஸுக்கு நட்டு வெச்ச குச்சியை ரெண்டு தடவை சாய்ச்சுட்டு ஃபெயிலாகி வந்தா. "போறவ போயிடுவா, திரும்பி வரமாட்டா"ன்னு மாமாவுக்கு ஒரே குஷி.

அவ விடல. காலையில சோத்தை வடிச்சு வெச்சுட்டு சந்துக்கு வந்துடுவா. ரெண்டு பக்கெட்டுல தொடப்பக்கட்டையை நட்டு, நடுவுல வண்டியைப் பின்னாடி விடுவா. பக்கத்து வீட்டு பக்கெட்டெல்லாம் ஒண்ணொண்ணா நசுங்கிச்சு. எஞ்சின் சத்தம் கேட்டாலே பொம்பளைங்க பக்கெட்டைத் தூக்கிட்டு உள்ள ஓடுவாங்க. புருஷன் வாசல்ல நாற்காலியில உக்காந்து ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிக் கத்துவார்: "ஒடி! இன்னும் ஒடி!"

"எதை ஒடிக்க? உங்க காலையா? அதான் ஏற்கெனவே ஒடிஞ்சு கிடக்கே!"

கழுத்து பிடிச்சுக்கிச்சு. தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு மறுநாளும் திரும்பித் திரும்பிப் பாத்து ஓட்டினா. அடுத்த டெஸ்டுல குச்சி ஆடக்கூட இல்ல. ஆபீசர் போதும்னார். "இன்னொரு தடவை பண்ணிக் காட்டட்டுமா சார்?"னு கேட்டாளாம்.

இப்ப ரொட்டி நேரத்துக்குப் போகுது. என்ன, நேரா போற சந்துல கூட ரிவர்ஸ்லதான் போவா. பாடுபட்டுக் கத்துக்கிட்டது வீணாப் போகக் கூடாதாம். ஹாரனும் அடிக்க மாட்டா. ஜன்னல் வழியா வாய் இருக்கே: "அண்ணே, ரோடு என்ன உங்க மாமனார் போட்ட சீரா?"

போன வாரம் மாமாவுக்குக் கண் ஆபரேஷன். மறுநாள் கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரி போகணும், வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். ஆட்டோக்காரன் எவனும் போனை எடுக்கல. ஒத்தைக் கண்ணோட இவ வாசல்ல வந்து நின்னார். வெயில்ல காயப்போட்டிருந்த தலகாணியை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, எங்கேயோ பாத்து, "வண்டி சும்மாதான நிக்குது?"ன்னார்.

"வாங்க மாமா."

அவரே டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். தலகாணியை சீட்டுல வெச்சு ரெண்டு தட்டு தட்டினார்.

அவ வந்து பாத்தா. பூப்போட்ட பக்கம் மேல வர்ற மாதிரி திருப்பிப் போட்டுட்டு, ஏறி உக்காந்தா.